நாய்க்குரலுக்குப் பின்னால் நாலு நாள்

முதல் நாள், வியாழன் இரவு

ஹூஸ்டனிலிருந்து 290-ஆம் சாலையில் கிளம்பி, ஹெம்ப்ஸ்டெட்டில் 6-ஆம் நெடுஞ்சாலைக்கு மாறி, நவசோட்டா ஊரைத் தாண்டியபோது மாலை நான்கு மணி. வண்டி ஓட்டியது மச்சினன். அவனோடு வேலை பார்க்கும் ஒருவரின் அப்பாவுக்கு நவசோட்டா ஆற்றை ஒட்டிப் பண்ணை இருக்கிறது. மாடு வளர்க்கிறார், தீவனப்புல் போடுகிறார், நாய் விட்டுக் காட்டுப்பன்றி பிடிக்கிறார். "அத்தான், ஒரு தடவை வந்து பாருங்க, அப்புறம் ஊருக்குப் போய் வருஷக்கணக்கா இதையேதான் சொல்லிட்டிருப்பீங்க" என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். இந்த முறை பிப்ரவரியில் வந்து மாட்டிக்கொண்டேன்.

பிப்ரவரிதான் இதற்குத் தோதான மாதமாம். மான் சீசன் முடிந்துவிட்டதால், மானுக்காகக் காட்டைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் நாய் புகுந்து கலைக்கிறது என்று சண்டைக்கு வரமாட்டார்கள். குளிரில் பாம்பு நடமாட்டம் குறைவு. எல்லாவற்றையும்விட நாய்க்கு உடம்பு சூடேறாது. கோடையில் எனக்குப் பன்றியைவிட வெயிலிடம்தான் பயம் என்றார் பெரியவர். ஓடி ஓடியே நாய் சுருண்டு விழுந்துவிடுமாம்.

பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். அவர் பேசும் ஆங்கிலத்தில் பாதிதான் எனக்குப் புரிந்தது, மீதியை மச்சினன் சொன்னான். வீட்டுக்குள் கூப்பிடவில்லை, காபி கொடுக்கவில்லை, நேராகப் புல்வெளிக்கு நடத்திக்கொண்டு போனார். ஏர் பிடிக்கத் தெரியாதவன் குடித்துவிட்டு உழுதது போல இருந்தது அந்த இடம். ஒரு ஏக்கராவது இருக்கும். பெர்முடா புல் வேரோடு பெயர்ந்து, மண் கட்டி கட்டியாகப் புரண்டு, சில இடத்தில் முழங்கால் ஆழத்துக்குக் குழி. எல்லாம் நேற்று ஒரே ராத்திரியில் நடந்தது. புழுவுக்கும் கிழங்குக்கும் மூக்கால் கிளறியிருக்கின்றன. புல் போனதைவிட, அறுக்கும்போது டிராக்டர் இந்தக் குழியில் இறங்கிக் கத்தி உடைவதுதான் அவருக்குப் பெரிய செலவு.

டெக்சாஸில் மட்டும் இருபது லட்சத்துக்கு மேல் காட்டுப்பன்றிகள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். இவை இந்த மண்ணின் விலங்கே இல்லை. ஸ்பானியர்கள் கப்பலில் கொண்டுவந்த வளர்ப்புப் பன்றிகள், அப்புறம் குடியேறிகள் வேலி போடாமல் மேயவிட்டவை, எல்லாம் தப்பிக் காட்டோடு போயின. 1930-களில் வேட்டைக்கென்றே ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டும் கலந்ததுதான் இன்று இருப்பது. பிற்பாடு வேட்டைப் பிரியர்களே லாரியில் ஏற்றிப் பன்றி இல்லாத காடுகளில் கொண்டுபோய் இறக்கியதும் உண்டு. இப்போது அது சட்டப்படி குற்றம். வினையை விதைத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இப்போது அறுக்கிறார்கள் என்று மச்சினன் தமிழில் முணுமுணுத்தான். பெரியவர் என்ன சொன்னாய் என்று கேட்டார். அழகான பண்ணை என்றேன் என்றான்.

சட்டம் பற்றி எனக்குக் கொஞ்சம் கலக்கம் இருந்தது. நில உரிமையாளர் சம்மதம் இருந்தால், தனியார் நிலத்தில் காட்டுப்பன்றி பிடிக்க வேட்டை லைசென்ஸே வேண்டாம். 2019 செப்டம்பரிலிருந்து அப்படி. சீசன் கிடையாது, இத்தனைதான் என்ற கணக்கும் கிடையாது. ஹெலிகாப்டரிலிருந்து சுடுவதற்குக்கூட 2011-இல் வழி செய்துவிட்டார்கள். ஆனால் மானை நாய் விட்டுத் துரத்தக்கூடாது. அதில் மட்டும் கறார்.

இருட்டுவதற்குள் நாய்களைப் பார்த்தேன். மொத்தம் ஐந்து. மிஸ்ஸி என்பது கேட்டஹூலா இனப் பெட்டை. சாம்பல் உடம்பில் சிறுத்தைப்புள்ளி, ஒரு கண் பழுப்பு, இன்னொன்று கண்ணாடி நீலம். அந்த நீலக்கண் நம்மைப் பார்க்கிறதா, நமக்குப் பின்னால் பார்க்கிறதா என்று சொல்ல முடியாது. டியூக் என்பது பிளாக் மவுத் கர் இனம். செவலை, முகவாய் மட்டும் கரிபூசியது போல. இன்னும் இரண்டு இளசுகள், இரண்டும் கலப்பு. கடைசிக் கூண்டில் பிஸ்கட். அமெரிக்கன் புல்டாக் கலப்பு, வெள்ளை, தலை மட்டும் பலாப்பழம் அளவு. இதுதான் பன்றியைக் கவ்வுகிற நாய் என்றதும் இரண்டடி தள்ளி நின்றேன். அது வந்து என் கணுக்காலில் சாய்ந்து உட்கார்ந்து கொட்டாவி விட்டது.

இரண்டாம் நாள், வெள்ளி

இன்று ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் எழுத நிறைய இருக்கிறது.

காலையில் பெரியவரின் பேரன் வந்தான். கல்லூரியில் படிக்கிறவன். நாய்களின் வேலைப் பிரிவினையை அவன்தான் விளக்கினான். இதில் இரண்டு ஜாதி. தேடிக் கண்டுபிடித்து, சுற்றி நின்று குரைத்துப் பன்றியை நகரவிடாமல் வைப்பவை 'பே டாக்'. மிஸ்ஸி, டியூக், இளசுகள் எல்லாம் அந்த வகை. அவை கடிக்கக்கூடாது, குரைத்தே மறிக்க வேண்டும். காதைக் கவ்விப் பிடித்து நிறுத்துவது 'கேட்ச் டாக்'. அதைக் கடைசி வரை கயிற்றில்தான் வைத்திருப்பார்கள். முதலிலேயே அவிழ்த்துவிட்டால் நாம் போய்ச் சேர்வதற்குள் பன்றியோடு தனியாகச் சண்டை போட்டுச் செத்துவிடும்.

பிளாட் ஹவுண்ட் மாதிரி மோப்ப நாய்கள் தடம் பிடித்த நிமிஷத்திலிருந்து ஊளையிட்டுக்கொண்டே ஓடும். இவருடைய நாய்கள் அப்படி இல்லை. பன்றி முன்னால் போய் நிற்கும்வரை வாயைத் திறக்காது. ஆகவே நாய்களை அவிழ்த்துவிட்டால் அப்புறம் அமைதிதான். அந்த அமைதியில் உட்கார்ந்திருப்பதுதான் வேட்டையில் பெரும்பகுதி என்று எனக்கு யாரும் முன்னால் சொல்லவில்லை.

மாலை ஐந்து மணிக்கு ஓடைக்கரையில் இறங்கினோம். பேரன் ஒரு ஓக் மரத்தைக் காட்டினான். பட்டையில் இடுப்பு உயரத்துக்குக் காய்ந்த சேறு அப்பியிருந்தது, அதில் நாலைந்து முரட்டு மயிர். பன்றிக்கு வியர்க்காது, குட்டையில் புரண்டுவிட்டு வந்து மரத்தில் உரசும். சேறு எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுதான் பன்றியின் உயரம். நான் என் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஒவ்வொரு நாய்க்கும் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை. பெரியவர் கையில் ஒரு கருவி, அதன் திரையில் ஒவ்வொரு நாயும் ஒரு வண்ணக்கோடு. மிஸ்ஸி நீலம். நீலக்கோடு வளைந்து வளைந்து ஓடையைத் தாண்டி, முக்கால் மைல் போய், அப்புறம் நேராக இழுத்துக்கொண்டு ஓடியது. பெரியவர் முகம் சுருங்கியது. மிஸ்ஸியின் பின்னால் போன இளசுகளில் ஒன்று மானைக் கிளப்பியிருக்கிறது போல. பன்றி இவ்வளவு நேர்க்கோட்டில் ஓடாது என்றார். வேண்டாததை விரட்டுகிற இந்தக் குணத்தை இங்கே 'டிராஷ்' என்கிறார்கள், குப்பை. நல்ல நாய் வளர்ப்பதில் பாதி வேலை இந்தக் குப்பையை மறக்கவைப்பதுதானாம்.

பட்டையிலிருந்து பீப் ஒலி எழுப்பி மிஸ்ஸியையும் டியூக்கையும் திரும்ப வரவழைத்தார். அந்த இளசு மட்டும் வரவில்லை. கோடு பக்கத்துப் பண்ணைக்குள் போய் நின்றது. நாங்கள் வேலி வரை போனோம். அங்கே கம்பங்களில் கை அகலத்துக்கு ஊதாப் பெயிண்ட் அடித்திருந்தது. நான் ஏதோ பார்டர் அலங்காரம் என்று நினைத்துக் கம்பியைத் தாண்டக் காலைத் தூக்கினேன். பேரன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். ஊதாக்கோடு என்றால் உள்ளே வராதே என்று அர்த்தம், டெக்சாஸ் சட்டத்தில் 1997-இலிருந்து அது போர்டு வைத்ததற்குச் சமம். உன் நாய் உள்ளே இருக்கிறது என்பதெல்லாம் சாக்கு ஆகாது.

பெரியவர் பக்கத்துப் பண்ணைக்காரருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எடுக்கவில்லை. இருட்டிவிட்டது, குளிர் ஏறியது, அங்கேயே வேலியோரம் ஒரு மணி நேரம் நின்றோம். அவர் கைகளைக் குவித்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், அதட்டலும் கெஞ்சலும் கலந்த ஒரு குரலில். எட்டரை மணிக்கு இளசு தானாகவே வேலிக்கு அடியில் நுழைந்து, வாலைக் கால்களுக்கு நடுவே சொருகிக்கொண்டு வந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். குனிந்து காதுக்குள் முள் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார், அவ்வளவுதான்.

பிக்கப்பின் பின்கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்தபோது தன் போனை எடுத்து ஒரு ஒலிப்பதிவை ஓடவிட்டார். நாய்க் குரைப்பு, தூரத்திலிருந்து, ஒரே சீராக. மிஸ்ஸியின் அம்மாவாம். செத்து நாலு வருஷம் ஆகிறது. முப்பது நொடிப் பதிவு. முடிந்ததும் இன்னொரு முறை போட்டார். கூண்டுக்குள்ளிருந்த மிஸ்ஸி காதைத் தூக்கியது.

மூன்றாம் நாள், சனி

விடியற்காலை நாலரை மணிக்கு எழுப்பினார்கள். புல்வெளியில் புதுக் கிளறல், மண் இன்னும் ஈரமாக. கால்தடம் ஒன்றே ஒன்று, பெரியது, முன்பக்கம் மழுங்கியது. கூட்டமாகத் திரிவது பெட்டைகளும் குட்டிகளும்தான், வயசான ஒருத்தல், அதாவது ஆண்பன்றி, தனியாகத்தான் திரியும் என்றான் பேரன்.

இளசுகளை விட்டுவிட்டு மிஸ்ஸியும் டியூக்கும் மட்டும். இரண்டுக்கும் கழுத்தில் அகலமான வெட்டுத்தடுப்புப் பட்டை. பிஸ்கட்டுக்குக் கழுத்திலிருந்து வயிறு வரை மூடும் தடித்த கவசச் சட்டை. போடும்போது அது ஸ்கூலுக்குக் கிளம்பும் குழந்தை மாதிரி ஒவ்வொரு காலாகத் தூக்கிக் கொடுத்தது.

பதினைந்து நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு வடக்கே ஒரு குரைப்பு. ஒன்று, இடைவெளி, இன்னொன்று. "மிஸ்ஸி" என்றார் பெரியவர். மூன்றாவதாக ஒரு கட்டைக் குரல் சேர்ந்தது. "டியூக்." அப்புறம் இரண்டும் விடாமல் பிடித்துக்கொண்டன. ஓடும்போது குரைப்பதற்கும் நின்ற இடத்தில் குரைப்பதற்கும் வித்தியாசம் எனக்கே தெரிந்தது. ஓடுகிற குரைப்பு அறுந்து அறுந்து வரும். இது ஆணி அடிப்பதுபோல ஒரே இடத்தில், ஒரே தாளத்தில். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை லேசாக ஆட்டினார். டிசம்பர் சீசனில் சபாவின் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாமாக்கள் நினைவுக்கு வந்தார்கள்.

நானூறு கெஜம் இருக்கும். ஆனால் அது யோப்பான் புதர், முள்கொடி, அழுகின இலைச் சேறு. பேரன் கையில் பிஸ்கட்டின் கயிறு, அவன் பின்னால் பெரியவர், அப்புறம் மச்சினன், கடைசியில் நான். தொப்பியை ஒரு கொடி பறித்துக்கொண்டது, திரும்பிப் பார்க்கவில்லை. திண்ணன் பன்றியைத் துரத்திக்கொண்டே காளத்தி அடிவாரம் வரை ஓடினான் என்று சின்ன வயசில் கதை கேட்கும்போது, கூட ஓடிய நாணனும் காடனும் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. இன்று யோசித்தேன்.

முதலில் கேட்டது நாற்றம். கேட்டது என்றுதான் எழுத வருகிறது, அவ்வளவு திடீரென்று வந்து அறைந்தது. பிறகு 'டக், டக்' என்று கட்டை மோதுகிற ஒலி. பன்றி பல்லைத் தட்டுகிறது. விழுந்துகிடந்த மரத்தின் வேர்ச்சுவரில் பின்பக்கத்தை முட்டுக்கொடுத்து நின்றது, கறுப்பு, தோளில் மயிர் சிலிர்த்து. முன்னால் மிஸ்ஸி, பக்கவாட்டில் டியூக். அது மிஸ்ஸி பக்கம் பாய்ந்தால் டியூக் பின்தொடையைச் சீண்டும், டியூக் பக்கம் திரும்பினால் மிஸ்ஸி முகத்துக்கு நேரே போய் நிற்கும். இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில், ஆனால் எட்டாத தூரத்தில்.

அதன் கீழ்க் கோரைப்பல் டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது. மேல்பல்லோடு உரசி உரசியே தன்னைத் தீட்டிக்கொள்கிற பல் அது. வாயை ஒவ்வொரு முறை மூடித் திறக்கும்போதும் சாணை பிடித்துக்கொண்டிருக்கிறது.

இருபது கெஜத்தில் பேரன் கயிற்றை விட்டான். பிஸ்கட் குரைக்கவே இல்லை. வெள்ளையாக ஏதோ போனது, 'தொம்' என்று மோதியது, பன்றி வீறிட்டது. காதை அடியோடு கவ்வியிருந்தது. காது பிடிபட்டால் தலையை வீச முடியாது, தலையை வீச முடியாவிட்டால் பல்லுக்கு வேலையில்லை. பேரன் பின்னால் போய் இரண்டு பின்னங்கால்களையும் பிடித்துத் தூக்கிப் பக்கவாட்டில் சாய்த்து முழங்காலால் அமுக்கினான். பெரியவர் கத்தியோடு குனிந்தார். முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னால், நேராக இதயத்துக்கு. ஏன் துப்பாக்கி இல்லை என்று நேற்று கேட்டிருந்தேன். மூன்று நாய்கள் ஒட்டிக்கொண்டிருக்கும்போது எங்கே சுடுவது?

சில நொடிகள்தான். ஆனால் அந்த வீறிடல் எனக்குப் பிடிக்கவில்லை. அதை எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்பு பொய். மச்சினன் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பேரன்கூட முடிந்ததும் ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை.

பிஸ்கட்டின் வாயைப் பிரிக்க மரக்கட்டையால் நெம்ப வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் மிஸ்ஸி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தோம். பின்தொடையில் நாலு விரல் நீளத்துக்குக் கிழிசல், பிளேடு போட்டதுபோல நேர்த்தியாக, சதை தெரிந்தது. எப்போது பட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. அது குரைப்பதை நிறுத்தவே இல்லையே.

பன்றியைக் குத்தும்போது பெரியவர் கை நடுங்கவில்லை. இப்போது நடுங்கியது. பையிலிருந்து உப்புநீர்ப் புட்டியை எடுத்துக் கழுவினார், மண் போகும்வரை. தோல் தைக்கும் ஸ்டேப்ளரைப் பேரனிடம் கொடுத்துவிட்டுத் தான் மிஸ்ஸியின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். ஏழு ஸ்டேப்பிள். ஒவ்வொன்றுக்கும் அவர்தான் கண்ணை மூடினார். மிஸ்ஸி நீலக்கண்ணால் என்னைப் பார்த்தது, அல்லது எனக்குப் பின்னால்.

வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து, மருத்துவருக்குப் போன் செய்து, மாத்திரை கொடுத்தபிறகுதான் பன்றியை எடுக்க வண்டி போனது. சுமார் 180 பவுண்ட் இருக்கலாம் என்றான் பேரன். பெரியவர் எடை போட வரவே இல்லை.

நாலாம் நாள், ஞாயிறு

காலையில் கறி. பேரன் முழங்கை வரை ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டான், எனக்கும் ஒன்று நீட்டினான். காட்டுப்பன்றிக்கு புரூசெல்லோசிஸ் இருக்கலாம், கையில் கீறல் இருந்தால் அது வழியாக மனிதனுக்கு வரும், விட்டு விட்டுக் காய்ச்சல் அடிக்குமாம். நாய்க்குப் பச்சைத் துண்டு ஒன்றுகூடப் போடக்கூடாது. போலி வெறிநோய் என்று ஒன்று இருக்கிறது. மனிதனை ஒன்றும் செய்யாது, நாய்க்கு வந்தால் மருந்தே இல்லை. இவ்வளவும் தெரிந்துகொண்டு அதே நாயைப் பன்றியின் காதைக் கவ்வ விடுகிறீர்களே என்று கேட்டேன். தோளைக் குலுக்கினான்.

தோலை உரிக்கும்போது தோள்பகுதியில் கத்தி இறங்கவில்லை. அங்கே தோலுக்கு அடியில் டயர் ரப்பர் மாதிரி கெட்டியான ஒரு படலம், விரல் தடிமனுக்கு. ஆண்பன்றிகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும்போது குத்து தாங்குவதற்கான கேடயம். தட்டிப் பார்த்தேன், பெட்டியைத் தட்டுவதுபோல இருந்தது. ஒருத்தல் கறியில் வாடை வரும் என்று கொஞ்சமாகத்தான் எடுத்தார்கள். மச்சினன் மிளகும் இஞ்சியும் அள்ளிப் போட்டு நன்றாக வேகவிட்டு வறுத்தான். வாடை போகவில்லை, ஆனால் பெரியவர் இரண்டாம் முறை போட்டுக்கொண்டார்.

மதியம் வெள்ளிக்கிழமை போனை எடுக்காத பக்கத்துப் பண்ணைக்காரர் வந்தார். மன்னிப்புக் கேட்டுவிட்டு, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார். வட்டமாகக் கம்பி வேலி போட்ட பொறி. உள்ளே சோளம் கொட்டி, கேமரா வைத்து, மொத்தக் கூட்டமும் உள்ளே வந்ததும் வீட்டிலிருந்தபடியே போனைத் தொட்டு வாசலை விழவைத்திருக்கிறார். உள்ளே பதினொன்று. தாய்ப்பன்றிகள், குட்டிகள். ஒரே ராத்திரியில், கட்டிலில் படுத்துக்கொண்டு.

நான் கணக்குப் போட்டேன், வேண்டாமென்றாலும் மனசு போட்டது. பெட்டைக்குச் சினைக்காலம் மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள். ஈற்றுக்கு ஐந்தாறு குட்டி. கூட்டம் பெருகாமல் நிறுத்தவே வருஷத்துக்கு மூன்றில் இரண்டு பங்கைப் பிடித்தாக வேண்டும் என்கிறார்கள். நாங்கள் நாலு பேரும் மூன்று நாயும் சேர்ந்து பிடித்தது ஒன்று. நாய் புகுந்தால் கூட்டம் சிதறி அடுத்த பண்ணைக்குப் போகிறது, பொறிக்கும் உஷாராகிவிடுகிறது என்பது பக்கத்துப் பண்ணைக்காரரின் பழைய புகாராம். அதை அவர் ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்.

பெரியவர் விட்டுக்கொடுக்கவில்லை. நேற்று பிடித்த மாதிரி கிழட்டு ஒருத்தல் எந்தப் பொறிக்குள்ளும் காலை வைக்காது, அதற்கு நாய்தான் வேண்டும் என்றார். அதுவும் உண்மைதான். ஆனால் திரும்பி வரும்போது பேரன் வண்டி ஓட்டிக்கொண்டே சிரித்தான். "தாத்தாவுக்குப் பன்றி ஒரு சாக்கு. நாளைக்கே எல்லாப் பன்றியும் ஒழிந்துபோனால் முதலில் அழப்போகிறவர் இவர்தான்." பின் இருக்கையில் பெரியவர் மறுக்கவில்லை. மடியில் மிஸ்ஸியின் தலை இருந்தது, ஸ்டேப்பிள் போட்ட இடத்தில் வீக்கம் இருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது நான் பிஸ்கட்டுக்கு டாட்டா சொல்லப் போனேன். தூங்கிக்கொண்டிருந்தது.

பின்குறிப்பு, பன்னிரண்டு நாள் கழித்து

மச்சினன் இரண்டு படம் அனுப்பியிருக்கிறான். முதலாவது மிஸ்ஸி, ஸ்டேப்பிள் எடுத்த தொடை, மயிர் மழித்த இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. இரண்டாவது அதே புல்வெளி. நாங்கள் நின்ற இடத்துக்கு வலப்பக்கம், வேலி ஓரமாக, புதிதாக ஒரு அரை ஏக்கர் உழுதுகிடக்கிறது. படத்தின் ஓரத்தில் பெரியவர் குனிந்து தடம் பார்க்கிறார். பக்கத்தில் கயிறு இல்லாமல் மிஸ்ஸி.